மகளின் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

வணக்கம். கொக்குவிலில் வசிக்கும் நான் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மூத்த மகளுக்கு ஐந்து வயது. இம்முறையாவது ஆண் பிள்ளை பிறக்க வேண்டுமென்று மாமி நல்லூரானுக்கு நேர்த்தி வைத்திருப்பதும், வருவோர் போவோர் என் வயிற்றின் வடிவத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் எனக்குப் பழகிவிட்டன. ஆனால் சென்ற வாரம், தன் பழைய குழந்தைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த மகள், "தம்பி வராட்டி அப்பம்மா அழுவாவோ?" என்று கேட்டபோது எனக்கு வாயே எழவில்லை.

மாமியை நான் குறை சொல்லவில்லை. இரண்டு பெண்களுக்கு வீடும் காணியும் சீதனமாகத் தேடிக் கொடுத்துத் தேய்ந்தவருக்கு, பெண் பிள்ளை என்றதும் காணி உறுதிதான் கண்முன் வருகிறது. (அவர் இன்று இருப்பதும் மகளுக்குக் கொடுத்த வீட்டில்தான், காய்ச்சலென்றால் கஞ்சி காய்ச்சுவதும் அந்த மகள்தான்.) இருந்தும், "கொள்ளி வைக்க ஒருவன் வேண்டாமோ" என்ற பேச்சு மாறுவதில்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் விந்தணுவிலுள்ள எக்ஸ் அல்லது வை நிறமூர்த்தமே தீர்மானிக்கிறது என்று கணவர் விளக்கினார். மாமி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

இந்நிலையைக் கடந்து வந்தவர்கள், மாமியின் மனம் நோகாமல் மகளின் முன்னால் இப்பேச்சை எவ்வாறு நிறுத்தினீர்கள் என்பதையும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன சொன்னீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதங்களே உள்ளன.