அகார் எடுத்த பாசிக்கு என்ன பெயர்? சக்கையா, கோதா, பிண்ணாக்கா?

மதுரை:
அனைவருக்கும் வணக்கம். நுண்ணுயிரியல் செய்முறைக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ஆகிய கடற்பாசிகளைக் காய்ச்சி, ஆறினால் கூழாய் உறையும் அகாரை வடித்தபின் துணியில் தங்கும் நாருக்கு ஒரு சொல் வேண்டும். பேசில்லஸ் பாக்டீரியாவுக்கு அதை ஊட்டி, நாரைச் சர்க்கரையாக உடைக்கும் செல்லுலேஸ் நொதியைப் பெருக்குவதுதான் பாடம். வரைவில் ‘பாசிக்கழிவு’ என்றிருக்கிறது. மாணவர்கள் ஆலைக் கழிவுநீர் என்றே புரிந்துகொள்கிறார்கள்.

தஞ்சாவூர்:
எண்ணெய் எடுத்தால் பிண்ணாக்கு. அகார் எடுத்தாலும் அதுதான். ‘பாசிப்பிண்ணாக்கு’.

சென்னை:
ஐயா, பிண்ணாக்கு ‘பிண்யாக’ என்ற வடசொல்லின் திரிபு. சாறு போன கரும்புக்குக் ‘கோது’ இருக்கிறதே! கோது என்றால் குற்றமும்கூட. ‘கோதிலா’ என்பதன் அடியில் சக்கை நீங்கிய சாறுதான் இருக்கிறது என்பது என் துணிபு. பறவை இறகைக் கோதுவதும் வேண்டாததைப் பிரிப்பதுதானே? ‘பாசிக்கோது’ என்க.

தஞ்சாவூர்:
மாடு வளர்க்கும் வீடெல்லாம் புழங்கும் சொல்லை அயல் என்று தள்ளலாமா? கோது எந்த மாணவனுக்குத் தெரியும்?

யாழ்ப்பாணம்:
பிண்ணாக்கு என்றதும் புரதத் தீவனம் நினைவுக்கு வரும். இதில் முக்கியமானது நார்ப்பொருளான செல்லுலோசு. இன்னொன்று: வரைவில் இதைத் ‘தூண்டி’, அதாவது நொதியை ஆக்கத் தூண்டும் பொருள், என்கிறீர்கள். குளுக்கோசு மிகுந்தால் பேசில்லஸ் நொதியாக்கத்தை அடக்கிவிடும். நாரிலிருந்து சர்க்கரை மெல்ல மெல்ல விடுபடுவதால் அந்த அடக்கம் நேர்வதில்லை. ஆகவே தூண்டி என்பது பாதி உண்மைதான். ‘காபன் மூலம்’, அதாவது பாக்டீரியாவுக்குக் காபன் தரும் உணவு, என்பதையும் சேர்த்து எழுதுங்கோ.

கோவை:
‘பாசிச்சக்கை’ போதும். பெயரைவிடச் செய்முறையில் சில இடங்கள் உறுத்துகின்றன. சக்கையை நன்றாக அலசி, பி.எச். 7க்கு (அமிலமும் காரமும் அற்ற நடுநிலைக்கு) வந்தபின் 60 டிகிரி செல்சியசில் உலர்த்தி, அரைத்துச் சலிக்க வேண்டும். பாக்டீரியாவை வளர்க்கும் 100 மில்லி ஊடகத்துக்கு 1 கிராம். கஞ்சிப்பாசியைக் காய்ச்சுமுன் காரத்தில் ஊறவைப்பார்கள். நாருக்குள் தங்கிய காரம் 121 டிகிரியில் கிருமிநீக்கும்போது வெளியேறி பி.எச்.சை ஏற்றிவிடும், பிறகும் ஒருமுறை அளக்க வேண்டும். மிச்ச அகார் ஆறியதும் கட்டி கட்டியாக உறையும். ஆலைச் சக்கையில் வடிகட்டச் சேர்த்த டயட்டம் மண் இருந்தால் எடைக்கணக்கே பொய்க்கும்.

குளுக்கோசு போன்ற ஒடுக்கும் சர்க்கரையை நிறத்தால் அளக்கும் டி.என்.எஸ். சோதனையில் 540 நானோமீட்டரில் தெரியும் நிறமெல்லாம் நொதியின் வேலை அல்ல. ஊடகத்தில் ஏற்கெனவே உள்ள ஒடுக்கும் சர்க்கரையும் நிறம் தரும். கொதிக்கவைத்து நொதியைச் செயலிழக்கச் செய்த மாதிரியையும் அளந்து கழிக்காவிட்டால், சக்கையால் நொதி பெருகியது என்ற முடிவே தவறாகிவிடும்.

நாகர்கோவில்:
எங்க ஊர்ல சக்கைன்னா பலாப்பழம். ‘பாசிநார்’ ஆகாதா?

கோவை:
அகார் எடுக்காத பாசியிலும் நார் உண்டே. எடுத்தது எடுத்தாயிற்று என்பதைச் சக்கைதான் சொல்கிறது.

மதுரை:
கோவையின் திருத்தங்கள் முழுவதையும் சேர்த்துவிட்டேன். ‘பாசிச்சக்கை’ என்பதே அச்சுக்குப் போகிறது. ‘தூண்டி’ நீங்கி, ‘கார்பன் மூலம்’ வருகிறது.

சென்னை:
என் மறுப்பு நிற்கட்டும். சொல்லடைவிலாவது ‘கோது’ என்று ஒரு வரி கொடுங்கள்.