ட்ராகன் போல் ஜீ.ரீ. பார்க்கத் தேவையில்லையா? எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள்

வாழைக்குலை, நீர்வேலி:

அண்ணாமார், அக்காமார், ஒரு சந்தேகம். ஜப்பான்காரரின் கார்ட்டூன் தொடரான ட்ராகன் போலில் முதல் தொடர், இசட், சூப்பர் எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். டைமாவும் வந்த கையோடு பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது ஜீ.ரீ. ஒன்றுதான். ஆனால் கம்பஸில் யாரைக் கேட்டாலும் அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்கிறார்கள் இல்லை. "அது கதையிலேயே சேர்த்தியில்லை", "கதாநாயகன் கோகுவைச் சின்னப் பெடியனாக்கிக் கெடுத்துவிட்டார்கள்", "சண்டையும் இல்லை, ஒன்றும் இல்லை" என்றுதான் கதைக்கிறார்கள். என்னோடு ரூமில் இருக்கிறவன் நாலைந்து எபிசோடோடு விட்டுவிட்டான். 64 எபிசோட் என்றபடியால் சும்மா தொடங்கவும் மனமில்லை, சோதனையும் கிட்ட வருகிறது. ஆனால் அந்தச் சிவப்பு மயிரோடு நிற்கிற சுப்பர் சயான் 4 (கோகுவின் ஒரு உருமாற்றம்) படத்தை எங்கே கண்டாலும் என்ன கதை என்று அறிய ஆசையாக இருக்கிறது. முழுக்கப் பார்த்தவர்கள் இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள், நேரம் வீணா?

கோண்டாவில் மேற்கு:

தம்பி, பார். கட்டாயம் பார். எனக்கு மொத்த ட்ராகன் போலிலும் மனதில் ஆழமாக நிற்பது ஜீ.ரீ.தான், அதைக் கனபேர் முழுக்கப் பார்க்காமலே தள்ளிவிட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்று பார். ட்ராகன் போலைப் படைத்த தொரியாமா அதன் மங்காவை (சித்திரக்கதையை) 1995இல் முடித்துவிட்டார். இசட் 1996 ஜனவரி கடைசியில் முடிய, அடுத்த கிழமையே, பெப்ரவரி 7ஆம் திகதி, அனிமே எடுக்கிற டோயி நிறுவனம் ஜீ.ரீ.யைத் தொடங்கிவிட்டது. தொரியாமா பெயர் வைத்தார், முக்கியமான பாத்திரங்களின் முதல் வடிவங்களை வரைந்து கொடுத்தார், மற்றபடி கதை டோயி ஆட்களுடையது. ஆகவே தொடக்கத்திலிருந்தே "இது ஒரிஜினல் இல்லை" என்ற பேச்சு. அதற்குமேல் 2003இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது முதல் 16 எபிசோடையும் வெட்டி, ஒரே எபிசோடாகச் சுருக்கிப் போட்டார்கள். இசையும் வேறு, தொடக்கப் பாட்டும் வேறு. பந்து தேடிக் கிரகம் கிரகமாகப் போகிற பயணத்தைப் பார்க்காதவனுக்கு, அந்தப் பயணத்தில் பேத்தி பானும் கோகுவும் எப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்று தெரியாதவனுக்கு, பின்னால் நடப்பது எப்படி உறைக்கும்? வெளிநாட்டில் வளர்ந்த கனபேரின் அபிப்பிராயம் அந்த வெட்டின பதிப்பிலிருந்து வந்தது, அதைத்தான் எங்கள் பெடியளும் யூரியூப்பில் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்கிறார்கள்.

இனி கதைக்கு வருகிறேன். இசட்டில் என்ன நடக்கும்? யாராவது செத்தால் வரம் தருகிற ஏழு பந்தையும் பொறுக்கிக்கொண்டு வந்து ஷென்ரோன் என்ற நாகத்தைக் கூப்பிட்டு எழுப்பிவிடுவார்கள். ஊர் அழிந்தால் திருப்பிக் கட்டிவிடுவார்கள். அதற்கு யாரும் எந்த விலையும் கொடுப்பதில்லை. ஜீ.ரீ. ஒன்றுதான் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தது. கோகுவும் வெஜிட்டாவும் பிறந்த சயான் இனம்தான், டஃபிள் இனத்தை அழித்துத்தான் அந்தக் கிரகத்தைப் பிடித்தார்கள், அதற்கு வெஜிட்டா என்று தங்கள் அரசன் பெயரையும் வைத்தார்கள். இசட்டில் கிங் காய் என்ற தெய்வம் இதை ஒரு பழங்கதை மாதிரிச் சொல்லிவிட்டுப் போவார், பிறகு ஒருத்தரும் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஜீ.ரீ.யில் பேபி வருகிறான், அழிந்த டஃபிள்கள் மிச்சம் விட்டுப்போன ஒரே உயிர். அவன் வந்து நேரே வெஜிட்டாவின் உடம்புக்குள்ளேயே புகுந்துகொள்கிறான், சயான் இளவரசனின் உடம்புக்குள். அதைவிட நேரடியாக ஒரு பழைய கடனைக் கேட்க முடியுமா?

அதிலே ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன், மற்றதை நீயே பார். பேபி கறுப்பு நட்சத்திரப் பந்துகளிடம் (வேறொரு வகைப் பந்துகள், வரம் கேட்ட கிரகமே பிறகு வெடித்துவிடும்) கேட்டு டஃபிள் கிரகத்தைத் திரும்ப வரவழைத்துவிடுகிறான், பூமிக்குப் பக்கத்திலேயே. மூத்த காய் என்ற கிழட்டுத் தெய்வம் கோகுவின் வாலைக் குறடால் பிடித்து இழுத்து வளரப் பண்ணுகிறார் (அந்த இடம் சிரிப்பாக இருக்கும்). கோகு அந்தக் கிரகத்துக்கு வந்து வானத்தைப் பார்க்கிறான், அங்கே நிலாவின் இடத்தில் பூமி நிற்கிறது. அதைப் பார்த்ததும் பெரிய பொன்னிறக் குரங்காக மாறிவிடுகிறான். அறிவில்லை, ஆளைத் தெரியவில்லை, எல்லாவற்றையும் உடைக்கிறான். யோசித்துப் பார், டஃபிள்களை அன்றைக்கு அழித்தது இதே உருவம், நிற்பதும் அதே கிரகம். எங்கள் கோகு, ஒரு எறும்பைக்கூட வேண்டுமென்று மிதிக்காத கோகு, தன் இனம் செய்ததையே செய்துகொண்டு நிற்கிறான். அப்போது பேத்தி பான் போய் அதன் முன்னால் நின்று "தாத்தா" என்று அழுகிறாள். அந்த அழுகையில்தான் அவனுக்குச் சுயநினைவு வருகிறது, அதற்குப் பிறகுதான் சுப்பர் சயான் 4. நீ சொன்ன அந்தச் சிவப்பு மயிர், மிருகத்தை உள்ளே வைத்துக்கொண்டே மனிதனாக நிற்கிற உருவம். டோயியின் ஓவியர் நகட்சுரு வரைந்த வடிவம் அது, முடிக்கு மஞ்சள் நிறம்கூட இல்லை. மற்ற உருமாற்றம் பெரும்பாலும் கோபத்தில் வந்தது அல்லது பயிற்சியில் வந்தது, இது ஒரு சின்னப் பிள்ளையின் கண்ணீரில் வந்தது.

பிறகு கடைசிப் பகுதி. ஆளுக்காள் ஆசைக்குக் கேட்டுக் கேட்டுப் பந்துகளில் வெடிப்பு விழுந்துவிடுகிறது. ஷென்ரோனைக் கூப்பிட்டால் சுருட்டுப் பிடித்துக்கொண்டு வேறொரு கறுப்பு நாகம் வருகிறது. அது பிரிந்து ஏழு கெட்ட நாகங்கள், ஒவ்வொன்றும் முந்திக் கேட்ட ஒரு வரத்திலிருந்து பிறந்தது. ஊப்பா என்ற சின்னப் பெடியனின் தகப்பன் போராவை எழுப்பச் சொல்லிக் கேட்டார்களே, அதைவிட நல்ல வரம் உண்டா? அதிலிருந்து பிறந்தது தண்ணியையும் காற்றையும் நாறடிக்கிற ஹேஸ் ஷென்ரோன். பிக்கலோ அரசன் தனக்கு இளமை வேண்டுமென்று கேட்ட கெட்ட வரத்திலிருந்து பிறந்த நுவோவா ஷென்ரோனோ நேர்மையாகச் சண்டை போடுகிற ஆள். நல்லது கேட்டால் நல்லது வரும் என்ற சுகமான கணக்கையே உடைத்துவிட்டார்கள். இப்படி எழுதுகிற துணிவு சூப்பரில் எங்கே இருக்கிறது?

தட்டாதெருச் சந்தி:

அண்ணை எழுதியதை முழுக்க வாசித்தேன், நல்லாயிருக்கிறது, ஆனால் இது கதைச் சுருக்கத்தின் அழகு. ஐடியா நல்லது என்றபடியால் தொடர் நல்லதாகிவிடாது. நானும் கடைசிவரை பார்த்தவன்தான். முதல் 16 எபிசோடும் கிரகம் கிரகமாகப் போய், ஒரு பந்து எடுத்து, ஒரு சின்ன வில்லனை அடித்து, திரும்ப அதே வேலை. சுப்பர் 17 என்ற வில்லன் வருகிற பகுதி 41ஆவது எபிசோடிலிருந்து 47வரை, அவசரத்தில் கட்டின வீடு மாதிரி. பழைய வில்லன்கள் செல்லும் ஃப்ரீசாவும் நரகத்தில் வந்து நிற்கிறார்கள், ஒரு பயனும் இல்லை. கோகுவின் மகன்மாரில் கோஹானுக்கு வேலையில்லை, கோட்டெனுக்கு வேலையில்லை, வெஜிட்டாவின் மகன் ட்ரங்ஸ் கப்பலோட்டி. வெஜிட்டா சுப்பர் சயான் 4 ஆவதற்குப் மனைவி புல்மா ஒரு இயந்திரம் செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு ரோசக்காரனுக்கு இதுவா? பானைப் பற்றிச் சொன்னீர்கள், சரி, அந்த ஒரு இடம் நல்ல இடம், ஆனால் மற்ற இடமெல்லாம் அவளை யாரோ பிடிப்பதும் கோகு போய் மீட்பதும்தானே. ஒரு முறைகூட அவள் சுப்பர் சயான் ஆகவில்லை. தம்பிக்கு நேரமில்லை என்றால் முதல் 16ஐயும் விட்டு 17ஆவது எபிசோடிலிருந்து தொடங்கட்டும், ஒன்றும் குறையாது.

கடலோரத்தாள்:

நான் அனிமே பெரிதாகப் பார்க்கிற ஆளில்லை, தம்பியோடு இருந்து பார்த்தது. ஆனால் இதில் பேபியின் பகுதியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும், மேலே யாரும் சொல்லவில்லை.

எங்கள் அப்பா, அம்மாவின் ஊர் மயிலிட்டி. 1990இல் வெளிக்கிட்டவர்கள். நான் பிறந்தது, படித்தது எல்லாம் வாடகை வீடுகளில்தான், ஊரை எனக்குச் சொல்லித்தான் தெரியும். 2017இல் துறைமுகப் பக்கம் விட்டபோது போய்ப் பார்த்தோம். பற்றையை வெட்டி உள்ளே போனால் கிணற்றுக்கட்டை வைத்துத்தான் அம்மா வளவையே அடையாளம் பிடித்தா. அயலில் இருந்தவர்களில் பாதிப்பேர் கனடா, லண்டன், மற்றவர்கள் எங்கே என்றே தெரியாது. இதை அறிந்தவளாகத்தான் நான் பேபி தன் கிரகத்தைக் கேட்ட அந்த எபிசோடைப் பார்த்தேன்.

அவன் கேட்பது நியாயமில்லையா? நியாயம்தான். இருந்த கிரகத்தைப் பிடித்து, ஆட்களைக் கொன்று, பெயரையும் மாற்றிவிட்டார்கள். ஆனால் கிரகம் திரும்ப வந்ததே ஒழிய ஆட்கள் வரவில்லை. வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது, இருக்க டஃபிள் ஒருத்தர்கூட இல்லை. அதனால் பூமியிலிருக்கிறவர்களுக்குள் தன் முட்டையை விட்டு, அவர்கள் மனதையே மாற்றி, "நீங்கள்தான் இனி டஃபிள்கள்" என்று கொண்டுபோய்க் குடியேற்றுகிறான். எனக்கு அந்த இடத்தில் அவன்மேல் கோபத்தைவிட இரக்கம்தான் வந்தது, பிறகு அந்த இரக்கமும் நிற்கவில்லை. ஏனென்றால் அந்த வரத்தின் விலை பூமி. தன் ஊருக்காக இன்னொருத்தருடைய ஊரை வெடிக்க விடுகிறான், அதாவது சயான் செய்ததையே செய்கிறான். இதைப் பெரிய வசனம் ஒன்றும் பேசாமல் கதையின் நடப்பிலேயே காட்டியிருக்கிறார்கள். என் குறை வேறு: டஃபிள்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு சின்னக் காட்சியாவது விரிவாக வைத்திருக்கலாம். அழிந்ததை மட்டும் சொல்லி வாழ்ந்ததைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு பிக்கலோ, கோகுவின் கூட்டாளி (கெட்ட வரம் கேட்ட அந்த அரசன் இல்லை). அந்தக் கறுப்புப் பந்துகள் இனி ஒருத்தருக்கும் கிடைக்கக்கூடாது என்று, தான் செத்தால்தான் அவையும் போகும் என்று, பூமியோடேயே நின்றுவிடுகிறார். கோகு கூட்டிக்கொண்டு போக வந்தும் விலக்கிவிடுகிறார். திரும்ப எழுப்பவும் வேண்டாம் என்கிறார். இந்தத் தொடரில் செத்தவர் செத்தவராகவே இருக்கச் சம்மதித்த இடம் அது.

கோண்டாவில் மேற்கு:

அக்கா, வாழ்ந்ததைக் காட்டவில்லை என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. டஃபிள்களைப் பற்றி ஒரு எபிசோட் ஒதுக்கியிருந்தால் பேபி இன்னும் பெரிய பாத்திரமாக நின்றிருப்பான்.

தட்டாதெருத் தம்பிக்கு: சுப்பர் 17 பகுதி அவசரம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஃப்ரீசாவும் செல்லும் அதில் வந்தது வீண். ஆனால் அதற்குள்ளேயே கோகுவின் நண்பன் கிரிலின் தன் மனைவி 18இன் கண் முன்னால், அவளுடைய சொந்தச் சகோதரன் 17இன் கையாலேயே சாகிறான். 18 அழுதுகொண்டே சண்டைக்கு வருகிறாள். இசட்டில் இத்தனை எபிசோட் போயும் அவளுக்கு இப்படி ஒரு இடம் கிடைக்கவில்லை. பானை மீட்கிற விஷயமும் சரி, அவளுக்கு இன்னும் பலம் கொடுத்திருக்கவேண்டும். ஆனால் 17ஆவது எபிசோடிலிருந்து தொடங்கு என்று மட்டும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லாதே, அதைத்தான் ஆங்கிலப் பதிப்புக்காரர்கள் செய்தார்கள். முதல் 16இல் சண்டை மெல்லிசு, உண்மைதான், ஆனால் தாத்தா பேரப்பிள்ளை அளவில் நிற்கிறார், பேத்தி அவரை அதட்டுகிறாள், கப்பலில் சாப்பாட்டுக்குச் சண்டை, குட்டி ரோபோ கிரு தொலைந்துபோக அவள் தேடி அலைகிறாள். அந்தச் சில்லறை எல்லாம் சேர்ந்துதான் குரங்கின் முன்னால் அவள் நிற்கும்போது நெஞ்சை அடைக்கிறது.

கோகு சின்னப் பெடியன் ஆனதைப் பற்றி எல்லாரும் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. 2024இல் டைமா வந்தது, அதிலும் கோகு சின்னப் பெடியன், கடைசியில் சுப்பர் சயான் 4 என்று ஒரு உருவமும் வருகிறது, இதே ஆட்கள்தான் கொண்டாடினார்கள். தொரியாமா எழுதினால் இனிக்கும், டோயி எழுதினால் கசக்குமா? ஜீ.ரீ.யில் சின்ன உடம்புக்கு ஒரு காரணமும் இருக்கிறது, அந்த உடம்பால் சுப்பர் சயான் 3ஐக் கனநேரம் தாங்க ஏலாது. கோகு தோற்கக்கூடும் என்ற பயம் அதனால்தான் திரும்ப வந்தது.

வாழைக்குலை, நீர்வேலி:

எல்லாருக்கும் நன்றி, அக்கா எழுதியதை ரூமில் இருக்கிறவனுக்கும் வாசித்துக் காட்டினேன், அவனும் திரும்பப் பார்க்கப்போகிறானாம். ஜப்பானியக் குரலில் பார்க்கவா, ஆங்கிலத்தில் பார்க்கவா?

கோண்டாவில் மேற்கு:

ஜப்பானியத்தில் பார், சப்டைட்டில் போட்டுக்கொள். தொடக்கப் பாட்டை ஓடவிடு, தள்ளாதே. ஃபீல்ட் ஒஃப் வியூ என்ற குழு பாடியது, வரிகள் ஸார்ட் குழுவின் இசுமி சகாய், மெட்டு டெட்சுரோ ஓடா. 64ஆவது எபிசோடின் முடிவிலும் அதுதான் வரும், தொடக்கத்திலிருந்து கேட்டுப் பழகியிருந்தால்தான் அந்த இடம் முழுசாக ஏறும். சோதனை முடியுமட்டும் 40ஐத் தாண்டாதே, பிக்கலோவின் அந்த எபிசோடோடு நிறுத்தலாம். 48இல் கை வைத்தாய் என்றால் முடிக்காமல் படுக்கமாட்டாய்.