முதல் ரைஃபிள்: ஐந்நூறு டாலருக்குள் எதை வாங்கினோம், ஏன் வாங்கினோம் (அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் சிலர் எழுதியது)

டாலஸ் அருகிலிருந்து

முதல் செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) ரைஃபிளுக்கு நான் ஒதுக்கியது ஐந்நூறு டாலர். ரைஃபிள், பூட்டு, காதுக் கவசம், கண்ணாடி, முதல் மாதத் தோட்டா எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவானது. கடைக்குள் போனால் சுவர் முழுக்க ஏஆர்-15. கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர்தான். "முதல் தடவையா? இதைப் பிடித்துப் பாருங்கள்" என்று அதே ஐந்நூறு டாலரை ஒட்டிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிடிக்க நன்றாகவே இருந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: தோட்டா என்ன விலை?

ஏஆர் சுடும் 5.56 தோட்டா ஒன்று அரை டாலருக்குக் கிட்டத்தட்ட வந்தது. .22 எல்ஆர் என்ற சிறிய தோட்டா பத்து சென்ட்டுக்குள். ஒரு சனிக்கிழமை காலையில் 200 தோட்டா சுட்டால் முதலாவதற்கு நூறு டாலர் கரைந்துவிடும், இரண்டாவதற்கு இருபதுக்குள் வேலை முடியும். ரைஃபிளை ஒரு முறைதான் வாங்குகிறோம். தோட்டாவை மாதாமாதம் வாங்க வேண்டும். மலிவு ரைஃபிள் எது என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

அந்தக் கடையிலேயே உள்ளரங்க ரேஞ்ச் (சுட்டுப் பழகும் இடம்) இருந்தது, வாடகைக்கும் ரைஃபிள் கொடுத்தார்கள். இரண்டையும் சுட்டுப் பார்த்தேன். ஏஆரில் உதை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் நான்கு சுவருக்குள் அந்தச் சத்தமும் குழல் முனையில் எழும் வெடிப்பும் சேர்ந்து, ட்ரிகரை இழுப்பதற்கு முன்பே கண் மூடிக்கொள்கிறது. .22-இல் தோட்டா கிளம்பும் நொடியில் குறி எங்கே நின்றது என்று பார்க்க முடிகிறது. கற்றுக்கொள்பவனுக்கு அதுதான் வேண்டும்.

அதனால் .22 சுடும் ரூகர் 10/22 வாங்கினேன். 1964-லிருந்து தயாரிப்பில் இருப்பது, ஐந்து பவுண்டு எடை, முந்நூறு டாலரை ஒட்டிய விலை. பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகஸின் அடிப்பக்கத்தோடு சமமாக உள்ளே உட்கார்ந்துவிடும். நம் ஊரில் என்.சி.சி. முகாமில் படுத்துக்கொண்டு .22 சுட்டவர்களுக்கு அந்தக் குண்டு பழக்கமானதுதான். அங்கே ஒவ்வொரு முறையும் போல்டை (தோட்டா இருக்கும் அறையைப் பின்னாலிருந்து மூடும் இரும்புப் பகுதி) கையால் இழுத்தோம், இது வெற்று உறையைத் தானே தள்ளிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். கடைசித் தோட்டா போன பிறகு 10/22-இன் போல்ட் திறந்து நிற்காது, மூடிக்கொள்ளும். காலியா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முதலில் மேகஸினைக் கழற்றி, பிறகு போல்டை இழுத்துப் பிடித்து, அறைக்குள் கண்ணால் பார்க்க வேண்டும், இதே வரிசையில். போல்டை இழுத்துவிட்டு அப்புறம் மேகஸினைக் கழற்றினால், அறைக்குள் ஒரு தோட்டா ஏறி உட்கார்ந்திருக்கும்.

வாங்குவது பெரிய கதை இல்லை. கூட்டாட்சியின் 4473 படிவத்தை நிரப்ப வேண்டும். கிரீன் கார்டுக்காரர்கள் ஏலியன் எண்ணையும் (குடியேற்றத் துறை தந்த எண்) எழுத வேண்டும். கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் நிக்ஸ் அமைப்பில் உங்கள் பின்னணியைச் சரிபார்ப்பார். 1998 முதல் இருக்கும் ஏற்பாடு இது. அனுமதி, தாமதம், மறுப்பு என்று மூன்றில் ஒரு பதில் வரும். எனக்குத் தேநீர் ஆறுவதற்குள் அனுமதி வந்தது. கஞ்சா பற்றிய கேள்வியை நிதானமாகப் படியுங்கள்: உங்கள் மாநிலத்தில் அது சட்டபூர்வம் என்றாலும் கூட்டாட்சிச் சட்டப்படி கூடாது என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நண்பருக்காக நீங்கள் வாங்கிக் கொடுப்பதும் குற்றம். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று தனியாகவே ஒரு கேள்வி உண்டு.

ஒஹாயோவிலிருந்து

டாலஸ் நண்பர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு எதிர்க்கட்சி நான்.

ஏஆர் வேண்டும் என்று மனத்தில் முடிவு செய்துவிட்டவர் .22 வாங்கினால், ஆறு மாதத்தில் ஏஆரும் வீட்டுக்கு வந்துவிடும். அப்போது செலவு இரட்டிப்பு. என்னுடைய தேவை வேறு. மாமனார் வீட்டுப் பண்ணையில் கயோட்டி (சிறிய ஓநாய் போன்ற விலங்கு) தொல்லை. அதற்கு .22 போதாது. பால்மெட்டோ ஸ்டேட் ஆர்மரியின் சாதாரண ரகம் ஒன்றை வாங்கினேன். ஸ்மித் அண்ட் வெஸன், ரூகர் இரண்டு நிறுவனங்களிலும் அடிப்படை ரகங்கள் உண்டு. இந்த விலையில் இவற்றுக்குள் தொடக்கக்காரருக்குத் தெரியும் அளவு வித்தியாசம் கிடையாது. எது தள்ளுபடியில் இருக்கிறதோ அதை எடுங்கள். யூட்யூப்பில் மூன்று மணி நேரம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பதில் அந்த மூன்று மணி நேரம் ரேஞ்சில் இருக்கலாம்.

பேரலில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். 5.56 நேட்டோ என்று இருந்தால் .223 ரெமிங்டன் தோட்டாவையும் போடலாம். .223 என்று மட்டும் இருந்தால் 5.56 போடக் கூடாது. பார்க்க ஒரே அளவுதான், ஆனால் அழுத்தம் ஒன்றில்லை.

ரேஞ்சுக்கு முதல் முறை போனபோது வாசலிலேயே ஒருவர் காந்தத்தோடு நின்றிருந்தார். என் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து அதன் முனையில் காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை, உள்ளே விட்டார். எனக்கு முன்னால் நின்றவர் கொண்டுவந்தது எம்855 ரகத் தோட்டா, பச்சை முனை, உள்ளே எஃகு. சுவரையும் இலக்குத் தட்டுகளையும் கெடுக்கும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனிதர் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்தார் பாவம். மொத்தமாக மலிவு விலையில் வாங்குவதற்கு முன்னால் உங்கள் ரேஞ்ச் எதை அனுமதிக்கிறது என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

நடுவழி ஒன்றும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸனின் எம்&பி 15-22, ஏஆரின் அதே பிடி, அதே இடத்தில் சேஃப்டி, ஆனால் .22 குண்டு. 10/22-ஐ விடக் கொஞ்சம் கூடுதல் விலை. என் மைத்துனருக்கு அதைத்தான் சொன்னேன், சந்தோஷமாக இருக்கிறார்.

நியூஜெர்சியிலிருந்து

மேலே இருவரும் எழுதியதைப் படித்தால் பொறாமையாக இருக்கிறது. தேநீர் ஆறுவதற்குள்ளாம்! இங்கே முதலில் உள்ளூர் போலீஸில் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை, உங்களைத் தெரிந்தவர்கள் இருவரின் சான்று, மனநல ஆவணங்களைப் பார்க்க ஒப்புதல் எல்லாம் கொடுத்து, அட்டை கைக்கு வந்த பிறகுதான் கடை.

அப்புறம் எந்த ரைஃபிள் என்பதையும் பாதி சட்டமே முடிவு செய்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போர்க் கால எம்1 கார்பைன் இங்கே பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டது, அதைவிடப் பெரிய குண்டு சுடும் எம்1 கேரண்டுக்குத் தடை இல்லை. தர்க்கம் கேட்காதீர்கள். ஏஆர் சில அம்சங்களை நீக்கிய வடிவில்தான் கிடைக்கும். மேகஸினுக்கு 2018 முதல் பத்துத் தோட்டா வரம்பு. 10/22 பெட்டியோடு வருவதே பத்துதான் என்பதால் எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. 25 பிடிக்கும் நீள மேகஸினை வேறு மாநிலத்து நண்பர் பரிசாகத் தருகிறேன் என்றால் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேரண்டைப் பற்றி இன்னொன்று. பழைய ராணுவ ரைஃபிள்களை நியாயமான விலையில் விற்கும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான் விற்கும். கிரீன் கார்டு போதாது.

வட கரோலினாவிலிருந்து

ஆண்கள் எல்லாரும் விலையும் சட்டமும் எழுதியாயிற்று. நான் உயரத்தைப் பற்றி எழுதுகிறேன். ஐந்தடி ஒரு அங்குலம், இடது கைப்பழக்கம். கடையில் கொடுத்த முதல் ரைஃபிளின் கட்டை (தோளில் வைத்து அழுத்தும் பின்பகுதி) என் தோளுக்கு வெளியே அரை சாண் நீட்டிக்கொண்டு நின்றது. கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் முதுகு வளைந்துவிடும். 10/22-இல் குட்டையான கட்டையோடு வரும் ரகம் உண்டு. கட்டையின் நீளத்தை மாற்றிக்கொள்ளும் ரகங்களும் உண்டு. முழங்கையை மடக்கி, கட்டையின் பின்பக்கத்தை உள்முழங்கையில் வைத்தால் விரல் ட்ரிகருக்கு எட்ட வேண்டும். கடையிலேயே பார்த்துவிடலாம். வெற்று உறை வலப்பக்கம்தான் பறக்கும். இடது கைக்காரர்களுக்கு அது முகத்துக்கு முன்னால் போகும், .22-இல் தொந்தரவில்லை. கண்ணாடி மட்டும் கட்டாயம்.

சுடக் கற்றுக்கொண்டது ஆப்பிள்சீட் என்ற இரண்டு நாள் பயிற்சியில். வார இறுதியில் நாடு முழுக்க நடக்கிறது, கட்டணம் குறைவு, சொல்லிக்கொடுப்பவர்கள் தன்னார்வலர்கள். வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் கையில் 10/22. இலக்கு 25 மீட்டரில்தான், ஆனால் அதில் அச்சிட்ட உருவங்கள் 100 முதல் 400 யார்டு தூரத்தில் தெரிவது போலச் சிறிதாகிக்கொண்டே போகும். காலையில் முதல் வேலையாக யாருக்கும் எதுவும் சொல்லித்தராமல் 13 குண்டு சுடச் சொல்கிறார்கள். மாலையில் அதே இலக்கை மறுபடி கொடுக்கிறார்கள். வித்தியாசத்தைக் காகிதமே சொல்லிவிடும். தேர்வு 250 மதிப்பெண்ணுக்கு. 210 வாங்கினால் ரைஃபிள்மன் என்று ஒரு துணிப் பட்டை தருவார்கள். எனக்குக் கிடைக்கவில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். மதிய உணவின்போது அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19, லெக்சிங்டன், கான்கார்டு கதைகள் சொல்கிறார்கள். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள்.

பயிற்றுநர் ஒருவர் எனக்குத் தெரியாமல் மேகஸினில் நடுநடுவே போலித் தோட்டா கலந்து கொடுத்தார். வெடிக்காத தோட்டாவில் ட்ரிகரை இழுத்தபோது குழல் முனை கீழே குனிந்தது எல்லாருக்கும் தெரிந்தது. சத்தத்துக்கு முன்பே உடம்பு பயந்துகொள்கிறது. அதைத் திருத்தத்தான் எனக்கு அந்த மதியம் முழுக்க ஆனது.

.22 அடிக்கடி வெடிக்காமலும் போகும். தீமருந்து விளிம்பில் இருப்பதால் எல்லாத் தோட்டாவிலும் சமமாகப் பரவியிருக்காது. உடனே போல்டைத் திறக்காதீர்கள், குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது வினாடி காத்திருங்கள். குண்டு ஈயம் என்பதால் வீட்டுக்கு வந்ததும் சோறு பிசைவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எச்-1பி நண்பர்களுக்கு

தற்காலிக வேலை விசாவான எச்-1பியில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். பொதுவாக முடியாது. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது, ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் அதில் வரும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் உங்கள் குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

மீண்டும் டாலஸ்

பழைய மார்லின் 60 (இன்னொரு .22 ரைஃபிள்) வாங்கலாமா என்று கேட்டிருந்த நண்பருக்கு: வாங்கலாம், நல்ல ரைஃபிள். 1960-லிருந்து லட்சக்கணக்கில் வந்ததால் அடகுக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. மேகஸின் தனியாகக் கிடையாது, பேரலுக்கு அடியில் உள்ள குழாயில் தோட்டாவை ஒவ்வொன்றாக விட வேண்டும். தொலைக்க ஒன்றுமில்லை என்பது வசதி, ரேஞ்சில் நேரம் பிடிக்கும் என்பது தொல்லை. வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் சொல்லி, காலி என்று காட்டச் சொல்லி, போல்டைத் திறந்து அறையின் வாய் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டா இல்லாமல் ட்ரிகரைச் சும்மா சும்மா இழுத்து விளையாடியிருந்தால் அங்கே தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி குத்திய பள்ளம் தெரியும். அப்படி இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் அடுத்த கடையைப் பாருங்கள்.

துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். டெக்சஸில் 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி, சுடத் தயாரான துப்பாக்கியை விட்டுவைப்பது குற்றம். நான் ரைஃபிளுக்கு ஒரு பூட்டுப் பெட்டி, தோட்டாவுக்கு வேறு அறையில் இன்னொரு பெட்டி என்று வைத்திருக்கிறேன். ஐந்நூறில் மிச்சமிருந்தது அதற்குத்தான் சரியாகப் போனது. குறி பார்க்கும் ஸ்கோப் தீபாவளிக்கு.