உலோகத் தேக்கமா, படிவா, தங்கலா?

அன்பர்களே,

எம்ஆர்ஐ எடுக்கும் முன் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் தாளைத் தமிழில் எழுதுகிறோம். ஒரு சொல்லில் வந்து முட்டி நிற்கிறது. படம் தெளிவாகத் தெரிய ஊசியில் போடும், காடோலினியம் என்ற உலோகம் உள்ள கான்ட்ராஸ்ட் மருந்து பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். மிகச் சிறு பங்கு மட்டும் எலும்பு, மூளை, தோல், சிறுநீரகம் ஆகியவற்றில் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறது. இந்த 'ரிடென்ஷ'னுக்கு 'உலோகத் தேக்கம்' என்று வைக்கலாமா? சிறுநீர்த் தேக்கம் என்று ஏற்கெனவே புழங்குவதுதான். 'கான்ட்ராஸ்ட்'டை இப்போது தொட வேண்டாம். சென்னை ஸ்கேன் மையங்களில் 'கான்ட்ராஸ்ட் ஊசி' என்றால்தான் புரிகிறது.

---

ஐயா, வணக்கம்.

ஏற்கெனவே புழங்குவதுதான் இங்கே சிக்கல். சென்னையில் 'தேக்கம்' என்றதும் மழைக்கால வேளச்சேரிதான் கண்முன் வரும்: வடிகால் அடைத்தால் தண்ணீர் நிற்கும். படிப்பவரும் "என் கிட்னி நல்லாத்தானே இருக்கு, எனக்கு ஏன் தேங்கணும்?" என்றுதான் கேட்பார். விஷயமோ நேர்மாறு. பல முறை ஊசி போட்டவர்களின் மூளையின் உட்பகுதிகளான டென்டேட் நியூக்ளியஸும் குளோபஸ் பாலிடஸும், மருந்து செலுத்தாமல் எடுத்த டி1 (எம்ஆர்ஐயில் ஒரு வகை) படத்திலேயே வெளுத்துத் தெரிவதை 2014-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. வெளுப்பு ஊசிகளின் எண்ணிக்கையோடு கூடியது. சிறுநீரகச் செயல்பாட்டைப் பொறுத்ததாக இல்லை. வடிகால் சரியாக இருந்தும் நிற்கிறது என்பதுதானே சேதி!

'படிவு' என்று சொல்லவும் வேதியியல் இடம் தராது. காடோலினிய மருந்துகள் லீனியர், மேக்ரோசைக்ளிக் என்று இரண்டு வகை. லீனியர் மருந்தில் கொடுக்கு ஈனி (உலோகத்தைப் பிடித்துவைக்கும் மூலக்கூறு) ஒரு திறந்த சங்கிலி, நண்டுக் கொடுக்குபோல உலோக அயனியைக் கவ்வியிருக்கும். துத்தநாக அயனி வந்து இடம்பிடித்தால் காடோலினியம் நழுவும். பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத உப்பாகும். கால்சியத்தை ஒத்த அளவுள்ள அயனி என்பதால் எலும்பிலும் போய் உட்காரும். இதைப் படிவு என்றால் சரி. மேக்ரோசைக்ளிக் மருந்தில் ஈனி ஒரு கூண்டு. அதிலிருந்து உலோகம் கழன்று வருவது மிக அரிது. தங்குவது சிறிதளவே, அதுவும் பெரும்பாலும் ஈனியோடு கட்டுக் குலையாத அணைவாக. நமக்கு வேண்டியது இந்த இரண்டையும் அடக்கும் சொல். (ஒப்புதல் படிவத்தில் 'படிவு' என்று அச்சிட்டால் கண் தடுக்கும் என்பது வேறு.)

'தக்கவைப்பு' என்றால் உடல் விரும்பிப் பிடித்துவைத்த மாதிரி ஆகிவிடும். 'எச்சம்' காக்கைக்கு இருக்கட்டும்.

நான் சொல்வது 'தங்கல்'. போக வேண்டியது போகாமல் இருந்துவிட்டது, அவ்வளவுதான். ஏன், எந்த வடிவில் என்று சொல் எதையும் முன்கூட்டித் தீர்ப்பதில்லை. தங்கிய அளவு, தங்கும் காலம், மூளைத் தங்கல் என்று வேண்டிய வடிவமெல்லாம் வருகிறது.

---

அம்மா சொல்வதை ஏற்கிறேன். திருத்தங்கல்காரர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும்.

படத்தில் தெரிவதற்கு இந்தச் சொல்லைப் போடக் கூடாது. ஈரல் கெட்டவருக்கும், நெடுநாள் சிரைவழி ஊட்டம் பெற்றவருக்கும் மாங்கனீஸால் குளோபஸ் பாலிடஸ் இதேபோல வெளுக்கும். ரிப்போர்ட்டில் 'டி1 வெளுப்பு' என்று மட்டும் எழுதி, முன்பு போட்ட ஊசிகளின் பெயரையும் எண்ணிக்கையையும் பக்கத்தில் குறித்தால் போதும். 'தங்கல்' என்பது அதற்குப் பிறகு வரும் முடிவு.

அடுத்தது அளவு. பதிவேட்டில் "கான்ட்ராஸ்ட் 12 மி.லி." என்று மட்டும் எழுதுகிறார்கள். மி.லி. திரவத்தின் அளவு, மில்லிமோல் அதிலுள்ள மருந்தின் அளவு. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல், 60 கிலோ எடைக்கு 6 மில்லிமோல். குப்பியில் ஒரு மி.லி.க்கு 0.5 மில்லிமோல் இருந்தால் 12 மி.லி. சரி. காடோபியூட்ரால் என்ற காடோலினிய மருந்தில் ஒரு மி.லி.க்கு 1 மில்லிமோல். அதற்கு 6 மி.லி.தான், 12 போட்டால் இரட்டிப்பு. மருந்தின் பெயரும் மில்லிமோலும் இல்லாத பதிவை வைத்துக்கொண்டு பத்தாண்டு கழித்து 'தங்கிய அளவு' பற்றிப் பேச முடியாது. தமிழ்த் தாளில் அதற்கென்று இரண்டு கட்டம் விட வேண்டும்.

வரியை இப்படி வைக்கலாம்: "இந்த மருந்தில் உள்ள காடோலினியம் என்ற உலோகத்தில் மிகச் சிறு பங்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தாலும், எலும்பு, மூளை முதலிய உறுப்புகளில் நெடுநாள் தங்கலாம்." உலோகத்தின் பெயர் ஓரிடத்திலாவது வந்தாக வேண்டும், இல்லையென்றால் இரும்பா ஈயமா என்று பயப்படுவார்கள்.

லீனியர் மருந்தானால் அதைத் தனியே சொல்ல வேண்டும். தங்கல் அதில் கூடுதல் என்பதால்தான் ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் அவற்றில் பலவற்றை நிறுத்திவைத்து, இரண்டை ஈரல் படத்துக்கு மட்டும் விட்டுவைத்தது. மேக்ரோசைக்ளிக்குக்குப் 'பெருவளைய' போதும். லீனியருக்கு 'நேர்கோட்டு' என்று எழுதத்தான் கை வரவில்லை. அந்தச் சங்கிலி உலோகத்தைச் சுற்றி வளைந்துதான் கிடக்கிறது. மேலே அம்மா எழுதிய 'திறந்த சங்கிலி'யையே வைத்துக்கொள்ளலாமா?