புதுப்பிப்பு: கத்தி தீட்டும் கட்டை, இரண்டாம் முயற்சி
தேக்குப் பலகையில் சான்ட் பேப்பர் ஒட்டி மீன் கத்தி தீட்டும் கட்டை செய்ததைக் கடந்த மாதம் மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து எழுதியிருந்தேன். அது நிலைக்கவில்லை, தண்ணீர் பட்டுப் பட்டுப் பலகை வளைந்துவிட்டது.

இப்போது, தரைக்குப் பதித்து மிஞ்சிய டைல் துண்டின் மழமழப்பான முகத்தில், நனைத்து உரசக்கூடிய 400, 1000, 2000 இலக்கத் தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஈரத்திலேயே படியவைத்து (இலக்கம் கூடக்கூட மணி நுணுகும்), கத்தியின் முதுகைச் சுண்டுவிரல் கனத்துக்கு உயர்த்தி இழுக்கிறேன். கூர்ப்பக்கத்தை முன்னே தள்ளினால் தாள் கிழியும் என்பதால், முதுகு முன்செல்லவே இழுக்க வேண்டும். மறுபக்கத்தில் பிசிர் (தீட்டும்போது கூர்விளிம்பில் மடிந்து நிற்கும் மெல்லிய உலோக ஓரம்) நகத்தில் தட்டுப்படும் வரை 400ஐ விட்டு நகரக்கூடாது. நான் முன்பு அவசரப்பட்டது அங்கேதான்.

கடைசிப் பிசிரைப் பழைய தோல் பெல்ட்டின் உட்புறம் எடுத்துவிடுகிறது. நேற்று வாவிக் கொடுவாவின் தடித்த தோலில் கத்தி வழுக்காமல் இறங்கியது.