கேக் மேல ஊத்துற சாக்லேட் கிளேஸ் கட்டி தட்டிருச்சு, யாராவது இருக்கீங்களா

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

புவனா, மாலை 4:12
சித்தி அவசரம்!! சாக்லேட் உருகிட்டு நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு மண்ணு மாதிரி திரிதிரியா போச்சு. 200 கிராம் முழுசும் 😭

சித்தி, 4:13
கொதிக்கிற தண்ணி மேல கிண்ணம் வச்சுத்தானே உருக்குனே? மூடி போட்டியா?

புவனா, 4:13
சீக்கிரம் உருகட்டும்னு தட்டு போட்டேன்

சித்தி, 4:14
அதான். தட்டுல வேர்த்த தண்ணி சொட்டியிருக்கும். நாலு சொட்டு போதும், கோகோவும் சர்க்கரையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கொட்டிராத.

அத்தை, 4:15
வெண்ணெய் போட்டா சரியாகும்மா

சித்தி, 4:16
இல்லண்ணி, அதுக்கு ஈரம்தான் பத்தல. கொஞ்சமா தண்ணி பட்டா கட்டி, நிறைய பட்டா குழம்பு. க்ரீம் எவ்வளவு வச்சிருக்க புவனா?

புவனா, 4:16
200 மில்லி

சித்தி, 4:17
சின்னத் தீயில வை. ஓரத்துல பொடிக் குமிழி வந்ததும் இறக்கிரு, கொதிச்சா திரிஞ்சிரும். ஒவ்வொரு கரண்டியா ஊத்தி நடுவுலேர்ந்து கிண்டு. முதல்ல இன்னும் மோசமா தெரியும், பயப்படாத.

மாமா, 4:19
கேக் எத்தனை மணிக்கு வெட்டுறோம்?

அத்தை, 4:19
ஏழுக்கு. தாத்தா கோயில்லேர்ந்து வரணும். அதுவரை கீழயே இருங்க.

புவனா, 4:31
சித்திஈஈ கண்ணாடி மாதிரி வந்துருச்சு!! ஃபேன் கூட தெரியுது அதுல 😍 ஊத்திரவா?

சித்தி, 4:31
நில்லு. கேக் ஆறிருச்சா?

புவனா, 4:32
மேல ஆறிருச்சு. அடியில வெதுவெதுன்னு இருக்கு. குக்கர்ல உப்பு பரப்பி, கேஸ்கட் விசில் எடுத்துட்டுத்தான் வச்சேன். வேக 45 நிமிஷம் ஆச்சு

சித்தி, 4:33
அப்ப ஊத்தாத. மொத்தமும் வழுக்கிட்டுத் தட்டுக்குப் போயிரும். போன தீபாவளிக்கு நான் பண்ணுனது ஞாபகம் இருக்குல்ல.

அத்தை, 4:33
கேக் தெப்பக்குளம் 😂

அண்ணன், 4:36
கிளேஸுக்கு அடியில ஜாம் தடவு. வியன்னால ஜாகர்டோர்ட்டெனு ஒரு சாக்லேட் கேக் உண்டு, 1832லேர்ந்து இருக்குன்னு சொல்வாங்க. அதுல ஆப்ரிகாட் ஜாம்தான்.

புவனா, 4:37
நம்ம வீட்ல மிக்ஸ்டு ஃப்ரூட்தான் அண்ணா இருக்கு

சித்தி, 4:37
அது போதும். ஒரு ஸ்பூன் தண்ணி விட்டுச் சூடாக்கி வடிகட்டி மெல்லிசா தடவு. உதிர்ற தூள் அடங்கிரும், மேல மொழுமொழுன்னு நிக்கும்.

பெரியம்மா, 4:40
முட்டை போடலையே? தாத்தா தொட மாட்டார்.

புவனா, 4:41
இல்ல பெரியம்மா. ஒன்றரை கப் மைதா, கால் கப் கோகோ, ஒரு கப் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் சோடா, ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், ஒரு கப் தண்ணி, கொஞ்சம் எண்ணெய். பால் கூட இல்ல

பெரியம்மா, 4:42
வினிகரா? புளிக்காதா?

சித்தி, 4:42
சோடாவோட பொங்குறதுக்குத்தான்க்கா அது. வெந்ததும் தெரியாது.

புவனா, 5:50
📷 படம்
கம்பி ஸ்டாண்டு மேல வச்சு நடுவுல ஒரே ஊத்தா ஊத்திட்டேன். தானா வழிஞ்சு ஓரமெல்லாம் மூடிருச்சு. கரண்டியே தொடல!

சித்தி, 5:51
அடி என் தங்கமே! ஃப்ரிட்ஜ்ல மட்டும் வச்சிராத, வெளிய எடுத்ததும் வேர்த்து மினுமினுப்பு போயிரும்.

மாமா, 5:52
அப்ப எங்க வச்சிருக்க?

புவனா, 5:52
சாப்பாட்டு மேசைல மாமா, கூடை கவுத்து

புவனா, 6:25
📷 படம்
யாரு இது???? வலது ஓரத்தப் பாருங்க

அத்தை, 6:26
விரல் வச்சு வழிச்சிருக்கு. பிள்ளைங்கதான்.

சித்தி, 6:27
பெரிசாக்கிப் பாருங்கண்ணி. அவ்வளவு அகலமா பிள்ளைங்களுக்கு விரல் ஏது?

மாமா, 6:28
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை, 6:28
என்னங்க, மேல வாங்க.