உத்திரத்தன்று ஜெயித்த மயில்

18 மார்ச் 2022, வெள்ளி

அண்ணன் (ஜெர்சி சிட்டி), காலை 7:24
ஜெயித்துவிட்டார்கள்! செயின்ட் பீட்டர்ஸ் 85, கென்டக்கி 79. அதுவும் ஓவர்டைமில். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போய்விட்டது.

சித்தி, 7:27
யாருப்பா அது? நாங்கள் சாஸ்தா கோயிலுக்கு வேனில் ஏறியாச்சு.

அண்ணன், 7:28
எங்கள் ஊர்க் கல்லூரி, சித்தி. நீங்கள் வந்தபோது நூவர்க் அவென்யூவில் காய்கறி வாங்கினோமே, அங்கிருந்து நடந்தே போய்விடலாம். பாஸ்கெட்பால் அணிக்கு மயில் என்றுதான் பெயர். அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தேசியப் போட்டியில் ஆடுகிறார்கள்.

சித்தி, 7:29
பங்குனி உத்திரத்தன்று மயில் ஜெயித்திருக்கிறதா! முருகா! 🙏

பெரியப்பா, 7:31
சேசு சபைக் கல்லூரிதானே? எங்கள் பாளையங்கோட்டை சேவியர்ஸ் மாதிரி?

அண்ணன், 7:32
ஆமாம் பெரியப்பா. 1872இல் தொடங்கியது. நியூ ஜெர்சியில் சேசு சபைக்கு இருக்கும் கல்லூரி இது ஒன்றுதான். அரங்கில் சுமார் 3,000 பேர் உட்காரலாம். கென்டக்கி அரங்கில் 20,000 பேர். அவர்கள் 8 முறை சாம்பியன். இவர்கள் இந்தப் போட்டிக்கு வந்ததே இது நான்காவது முறை, இதற்கு முன் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

மாமா (மதுரை), 7:34
அப்படியென்றால் அதிர்ஷ்டம்தான் மாப்பிள்ளை.

தங்கை, 7:35
மாமா, அப்படிச் சொல்லாதீர்கள். ஒரு பிரிவில் 16 அணி. பலத்தை வைத்துத் தரும் வரிசையில் கென்டக்கிக்கு 2ஆம் இடம், இவர்களுக்கு 15. ஒரு தடவை தோற்றால் வீட்டுக்கு. அந்த நெருக்கடியில் கை நடுங்காமல் ஆட வேண்டும். நான் காலேஜ் டீமில் ஆடுகிறேன், எனக்குத் தெரியும். அண்ணா, கென்டக்கியின் ஷீப்வேயை எப்படித் தடுத்தார்கள்?

அண்ணன், 7:38
தடுக்கவே முடியவில்லை. 30 பாயிண்ட், 16 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). ஆனால் மற்றவர்களை நிம்மதியாக எறிய விடவில்லை. மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்ததில் முக்கால்வாசி விழவில்லை. ஃப்ரீ த்ரோவையும் கென்டக்கி நிறைய வீணடித்தது.

அண்ணன், 7:40
நம் பக்கம் டாரில் பேங்க்ஸ் 27. மீசைக்காரப் பையன் டக் எடர்ட் மாற்று ஆளாக இறங்கி 20. ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை, இரண்டு பாயிண்ட் பின்னால் இருக்கிறார்கள். எடர்ட் உள்ளே புகுந்து, உயரமான ஆட்களுக்கு மேலே மெதுவாகத் தூக்கிப் போட்டான். 71-71. அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஓவர்டைமில் இவர்கள் 14, அவர்கள் 8. மாமா, ஒரு பந்து தப்பி விழுந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். 45 நிமிடம் கூடவே ஓடியதை எப்படி அப்படிச் சொல்வது?

மாமா, 7:42
சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். கோச் யார்?

அண்ணன், 7:43
ஷஹீன் ஹாலோவே. 2000இல் சீட்டன் ஹால் கல்லூரிக்கு ஆடியபோது, இதே போட்டியில், ஓவர்டைமின் கடைசி நொடிகளில் கூடை போட்டு ஆரகனை வீழ்த்தியவர். பையன்கள் பதறாமல் நின்றதற்கு அவர்தான் காரணம் என்பேன்.

பெரியப்பா, 7:45
அடுத்து யார்?

அண்ணன், 7:46
சனிக்கிழமை. முரே ஸ்டேட் அல்லது சான் பிரான்சிஸ்கோ. இரண்டாவதும் சேசு சபைதான், பெரியப்பா 🙂

26 மார்ச் 2022, சனி

அண்ணன், காலை 7:02
பர்டியூவும் போச்சு! 67-64. அவர்கள் சென்டர் 7 அடி 4 அங்குலம், அவனையே சமாளித்துவிட்டார்கள். 15ஆம் இடத்து அணி கடைசி எட்டுக்குள் போவது இதுவே முதல் முறை.

தங்கை, 7:03
🔥🔥🔥 முரே ஸ்டேட், இப்போது பர்டியூ! எங்கள் டீம் குரூப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

மாமா, 7:05
வாய் திறக்கவில்லை மாப்பிள்ளை. பிரமாதம்.

பெரியப்பா, 7:06
ஞாயிறு ஆட்டம் நம் நேரத்துக்கு எப்போது?

அண்ணன், 7:07
திங்கள் விடியற்காலையாக இருக்கும். நேரம் போட்டதும் சொல்கிறேன்.

பெரியப்பா, 7:08
போன் பண்ணியே எழுப்பிவிடு.